பூக்கட்டிப் பார்ப்பதும் சீட்டுக் குலுக்குவதும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். போன வருடம் எங்கள் அப்பத்தாவுக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வயது 72. ஆபரேஷன் செய்வதா, மருந்திலேயே ஓட்டுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. கடைசியில் கொப்புடையம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் மருந்து. சித்தப்பாவின் சின்ன மகள் எடுத்தாள். வெள்ளை வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அப்பத்தா இப்போது நன்றாக இருக்கிறார்கள்.

இப்போது வேறு வாக்குவாதம். அப்பச்சி, விஞ்ஞானமே கடவுளைக் கண்டுபிடித்துவிட்டது என்று ஜெனிவா ஆராய்ச்சிக்கூடத்தில் நிற்கும் நடராசர் படத்தையும் 'கடவுள் துகள்' செய்தியையும் செல்போனில் காட்டுகிறார்கள். கருப்புச் சட்டைக்காரரான சித்தப்பா, இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார். எங்கள் பேராசிரியரோ, அறிவியலுக்கும் கடவுளுக்கும் சம்பந்தமே இல்லை, அந்தக் கேள்வியே தப்பு என்று முடித்துவிட்டார். அப்பத்தாவைக் கேட்டால், "எனக்கு நடந்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கடவுள் உண்டு என்பதற்கு அறிவியல் என்றைக்காவது ஆதாரம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அது எப்படி இருக்கும்? இன்னொன்று: பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்குப் பால்குடம் எடுப்பதாக அப்பத்தா நேர்ந்திருக்கிறார்கள். என்னையும் கூட வரச் சொல்கிறார்கள். போனால் படித்த படிப்புக்குத் துரோகம் செய்வதாகுமா?

சி.,
தேவகோட்டை


அன்புள்ள சி.,

அப்பத்தா தேறி நடமாடுவது கேட்டு மகிழ்ச்சி. அந்த வயதில் மார்பைத் திறந்து தைத்து எழுந்து வருவது சின்ன விஷயம் இல்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுதுவதை அதற்குத் தக்கபடி எடைபோட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வரும் நாலு பேரில் நான் அதிகம் மாறுபடுவது அப்பத்தாவோடு இல்லை, உங்கள் பேராசிரியரோடு. சம்பந்தமே இல்லை என்பது கேட்க மரியாதையாக இருக்கிறது. யார் மனமும் புண்படாது, வகுப்பும் நேரத்துக்கு முடியும். ஆனால் அது உண்மை இல்லை.

சாமி நோயைத் தீர்க்கும், மழை பெய்விக்கும், பிள்ளை வரம் கொடுக்கும் என்று ஒருவர் சொன்ன அந்த நிமிடமே அவர் உலகத்தில் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுகிறார். நடந்தால் தெரியும். வேண்டிக்கொண்டவர்களுக்கு ஒரு மாதிரியும் வேண்டாதவர்களுக்கு வேறு மாதிரியும் இருக்கும். எண்ணிப் பார்க்கலாம். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: முடியும். காரியம் செய்கிற ஒரு கடவுள் இருந்தால் அவருக்கு ஆதாரம் கிடைக்க எந்தத் தடையும் இல்லை. அறிவியல் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. திறந்துவைத்துக்கொண்டு பலர் தேடியும் இருக்கிறார்கள்.

நீங்கள் கோயிலில் செய்ததையே எடுத்துக்கொள்வோம். ஒரே அளவில் இரண்டு இலைத் துண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து, ஒரே நூலால் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போடுகிறோம். எடுப்பதற்கு விவரம் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிடுகிறோம். ஏன் குழந்தை? பெரியவர்கள் கை போனால் ஆசையும் பயமும் கூடவே போகும் என்பதால்தான். பொட்டலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எடுப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியக் கூடாது, யாருடைய விருப்பமும் முடிவில் கலக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிற டாக்டர்கள் கடைப்பிடிக்கிற விதிகளும் இவைதான். எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெறும் மாத்திரை என்று சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்கிறார்கள். நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நம் கிழவிகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாமல் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

அவர்கள் செய்யாமல் விட்டது கணக்கு வைப்பது ஒன்றுதான். வெள்ளை வந்து ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தவர் எத்தனை பேர், பிழைக்காதவர் எத்தனை பேர், சிவப்பு வந்து மருந்தோடு நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தக் கோயிலிலும் ஏடு இல்லை.

அந்த ஏட்டை வேறொரு இடத்தில், கிட்டத்தட்ட உங்கள் அப்பத்தாவுக்கு நடந்த அதே ஆபரேஷனை வைத்தே எழுதிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு அது. 2006-ல் வெளியானது. ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகள். பணத்தில் பெரும்பகுதி கொடுத்தது ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளை. சமயத்துக்கும் அறிவியலுக்கும் உறவு காண விரும்புகிற அமைப்பு அது, நாத்திகர் சங்கம் இல்லை. சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்காகப் பிரார்த்தனை நடக்கும், ஆனால் நடக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது பிரிவுக்கு நடக்காது, அவர்களுக்கும் அது தெரியாது. மூன்றாவது பிரிவுக்கு நடக்கும், நடக்கிறது என்று அவர்களிடமே சொல்லிவிட்டார்கள். பிரார்த்தனை செய்தவர்கள் மூன்று கிறிஸ்தவக் குழுவினர். நாம் அர்ச்சனைத் தட்டோடு பேரும் நட்சத்திரமும் சொல்வோம். அங்கே நோயாளியின் பேரும் குடும்பப் பேரின் முதலெழுத்தும் போயிற்று. ஆபரேஷனுக்கு முந்தின இரவிலிருந்து 14 நாள், நல்லபடியாக முடிந்து சிக்கலில்லாமல் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டினார்கள்.

முப்பது நாளைக்குள் ஏதாவது சிக்கல் வந்தவர்களை எண்ணினார்கள். தெரியாமல் பிரார்த்தனை பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேர். பெறாதவர்களில் 51 பேர். தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59 பேர்.

முதல் இரண்டுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்றாவது எண்ணை வைத்துப் பிரார்த்தனை கெடுதல் செய்யும் என்று சிலர் பேசினார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். 'எனக்காக வேண்டுகிற அளவுக்கா என் நிலைமை மோசம்?' என்று நோயாளி கலங்கியிருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு.

இதற்கு நம்பிக்கையுள்ளவர்கள் சொல்லும் மறுப்புகளில் ஒன்று நியாயமானது. பிரார்த்தனை பெறாத பிரிவு என்றாலும் அவர்களுடைய வீட்டில் அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? உண்மைதான். அந்த ஆய்வு சோதித்தது கூடுதலாகச் சேர்த்த பிரார்த்தனையை மட்டும்தான். அதற்குமேல் அதை இழுக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு, கடவுளைச் சோதிக்கக் கூடாது, சோதித்தால் அவர் காட்டிக்கொள்ள மாட்டார் என்பது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எண்ணுகிற இடத்தில் அவர் ஒதுங்கிவிடுவார் என்றால், அப்பத்தா பிழைத்ததையும் அவர் கணக்கில் எழுத முடியாதே. அதே மாதத்தில் அதே மதுரையில், அதே அளவு பக்தியோடு வேண்டிக்கொண்டு பிழைக்காமல் போன ஒருவர் வீட்டில் என்ன சொல்வார்கள்? விதி என்பார்கள். பிழைத்தால் அம்மன், போனால் விதி. செட்டிநாட்டில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து, பிள்ளையார் சுழி போட்டுப் பேரேடு தொடங்கி, லாபத்தில் சாமிக்கு மகமை எடுத்துவைத்த ஐயாமார்கள்கூட வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்டு ஐந்தொகை போட்டதில்லை. எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும். இல்லையென்றால் ஏட்டை மூடிவிட்டு, நான் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்கு நன்றியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

இப்படித் தேடியது இது ஒன்றுதான் என்று இல்லை. 1872-லேயே பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், இங்கிலாந்து முழுக்கத் தேவாலயங்களில் நீண்ட ஆயுள் வேண்டப்படுகிற அரச குடும்பத்தார் நீண்ட நாள் வாழ்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தார். வசதியாக வாழ்ந்த வகுப்பினரில் அவர்களுடைய ஆயுள்தான் குறைவாக இருந்தது. முரட்டுத்தனமான கணக்கு, அரசர்கள் சீக்கிரம் சாக வேறு காரணங்களும் உண்டு. பிரான்சின் லூர்து நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையே டாக்டர்களை உட்காரவைத்து, குணமானதாகச் சொல்லப்படுகிற ஒவ்வொன்றையும் ஆராய்கிறது. 1858 முதல் இன்றுவரை கோடிக்கணக்கானவர்கள் போய்வந்த இடம். புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது எழுபதைச் சற்றே தாண்டுகிறது. துண்டாகிப்போன கால் திரும்ப வளர்ந்தது என்று அதில் ஒன்றும் இல்லை. அவ்வளவு கறாராகப் பார்க்கிறார்களே என்பதற்காக அந்த டாக்டர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆகவே பேராசிரியர் சொல்ல வேண்டியிருந்தது, 'தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை' என்பதுதான். 'தேடவே முடியாது' என்பது வேறு. முன்னது அறிவியல் உழைத்துப் பெற்ற செய்தி. பின்னது ஒதுங்கிக்கொள்வது.

அப்பச்சியிடம் வருகிறேன். அவர் காட்டும் படம் உண்மை. ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் நடராசர், இந்திய அரசு 2004-ல் பரிசாகக் கொடுத்தது. இரண்டு மீட்டர் உயரம். அழகான சிலை, நம்முடைய சிலை, பெருமைப்படலாம். ஆனால் அது பரிசு, கண்டுபிடிப்பு இல்லை. 'கடவுள் துகள்' லியோன் லெடர்மன் என்ற இயற்பியலாளர் 1993-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து பரவியது. அந்தப் பட்டப்பெயரால் அழைக்கப்படுவது, 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்த ஹிக்ஸ் போசான் என்ற துகள். எலெக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கும் கோட்பாட்டில் பாக்கியிருந்த துண்டு. அதை முன்கூட்டிச் சொன்ன பீட்டர் ஹிக்ஸ் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக இருந்தார், அந்தப் பட்டப்பெயரும் அவருக்குப் பிடித்திருக்கவில்லை. இயற்பியல் படிக்கிற நீங்கள்தான் இதை அப்பச்சியிடம் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். சித்தப்பா சொன்னால் சண்டையாகும்.

அப்பச்சிக்கு இதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். நட்சத்திரத்துக்குள் மூன்று ஹீலியம் அணுக்கரு சேர்ந்து ஒரு கார்பன் ஆகிறது. அது போதிய அளவில் நடக்க வேண்டுமானால் கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று பிரெட் ஹொய்ல் என்ற வானியலாளர் கணக்குப் போட்டார். 1953-ல் கலிபோர்னியாவில் பரிசோதனைக் கூடத்தாரிடம் போய்த் தேடச் சொன்னார். தேடினார்கள். 7.65 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் இருந்தது. அது இல்லாவிட்டால் உலகத்தில் கார்பன் மிகமிகக் குறைவு, நாமும் இல்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத ஹொய்லே பின்னாளில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்திருப்பதுபோலத் தோன்றுகிறது என்று எழுதும் அளவுக்கு அது அவரை ஆட்டிவிட்டது. எனக்கும் இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தையே இங்கேதான் தொடங்குகிறார். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும். மண் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, குயவன் இல்லாமல் பானை வருமா என்று சைவர்கள் விளக்குவார்கள். இதற்கு மறுப்பும் நம் நாட்டிலேயே, அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே வந்துவிட்டது. பௌத்தரான தர்மகீர்த்தி கேட்டார்: பானையும் மண், கறையான் புற்றும் மண். மண்ணால் ஆனதெல்லாம் குயவன் செய்தது என்றால் புற்றையும் குயவன் செய்தான் என்பீர்களா? நம் பக்கத்தில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிற புற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய, எவ்வளவு ஒழுங்கான கட்டடம். உள்ளே காற்று போய்வர வழி இருக்கிறது. அதை வரைந்துகொடுத்த கொத்தனார் கிடையாது. பானைக்குக் குயவன் உண்டு என்று நாம் சொல்வது, குயவன் பானை வனைவதைப் பார்த்திருப்பதால். பிரபஞ்சம் வனையப்படுவதை யாரும் பார்த்ததில்லை, ஒப்பிட இன்னொரு பிரபஞ்சமும் நம் கையில் இல்லை. கார்பனின் அந்த ஆற்றல் நிலை ஆச்சரியம்தான். ஆனால் அது அரிதா, சாதாரணமா என்று சொல்ல இருப்பதே ஒன்றுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெரியாத இடத்திலெல்லாம் கடவுளை உட்காரவைத்தால், தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள அவரை எழுப்பிவிட வேண்டிவரும். கோள்களின் பாதை ஒன்றையொன்று இழுத்துக் குலையாமலிருக்க அவ்வப்போது கடவுளின் கை வேண்டும் என்று நியூட்டன் நினைத்தார். நூறாண்டு கழிவதற்குள் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், வியாழனும் சனியும் கோணிப்போவதாகத் தெரிந்தது திரும்பத் திரும்ப வந்துபோகிற ஓர் ஊசலாட்டம்தான் என்று கணக்கில் காட்டிவிட்டார். இதை ஆழமாகப் புரிந்துகொண்டவர் ஒரு பாதிரியார். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெய்த்தர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருப்பது படைப்பை உறுதிசெய்கிறது என்ற பொருளில் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமெய்த்தர்தான். அவருக்கு அது உவப்பாக இல்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முழுக்க வெளியே நிற்கிறது என்றே 1958-லும் சொன்னார். கும்பிடுகிற கடவுளை ஒரு சமன்பாட்டின் மேல் நிறுத்திவிட்டால் நாளைக்குச் சமன்பாடு மாறும்போது என்ன செய்வது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் காரியம் செய்கிற கடவுளைப் பற்றி. நம்மாழ்வார் பாடுகிற கடவுள் வேறு. "உளன் எனில் உளன்" என்று தொடங்கி, உண்டு என்றாலும் இல்லை என்றாலும் இரண்டும் அவனுக்கு உருவமாகவும் அருவமாகவும் ஆகிவிடுகிறது என்கிறார். அந்தக் கடவுளுக்கு எந்த ஆய்வகத்திலும் ஆதாரம் கிடைக்காது. எதிர் ஆதாரமும் கிடைக்காது. எது நடந்தாலும் அதற்குப் பொருந்திவிடுகிற ஒன்றை எதை வைத்துச் சோதிப்பது? சித்தப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், அவருடைய கேள்வி இந்தக் கடவுளைத் தொடுவதில்லை. ஆனால் ஒன்று: நம்மாழ்வாருடைய கடவுளைக் காட்டித் தப்பித்துக்கொண்டு, அடுத்த நிமிடம் வழக்கு ஜெயிக்க, பரீட்சை பாஸாக வேறொரு கடவுளிடம் போகிறோம். கேள்வி கேட்பவர் வரும்போது முன்னவர், வேண்டுதலுக்குப் பின்னவர். இந்த மாற்றாட்டத்தைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஆதாரம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். பென்சன் செய்தது போன்ற ஓர் ஆய்வு. எதை எண்ணப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட சன்னிதியில் வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் சிக்கல் 50-லிருந்து 20-க்கு இறங்க வேண்டும். நம்பாதவர்கள் வேறு ஊரில் திரும்பச் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். அப்படி வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன், தயக்கமில்லாமல். அப்போதும் நாம் கண்டிருப்பது வேண்டுதலைக் கேட்டுக் காரியம் செய்கிற ஒரு சக்தியை. அது எல்லாம் அறிந்ததா, கருணையுள்ளதா, படைத்ததும் அதுதானா என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியவை. கும்பிடத்தக்கதா என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. வேண்டியவர்களை மட்டும் காப்பாற்றி, வேண்டத் தெரியாத கைக்குழந்தையைச் சாகவிடுகிற சக்தி என்று தெரியவந்தால் நான் கும்பிட மாட்டேன்.

குன்றக்குடிக்குப் போங்கள். ஒரு துரோகமும் இல்லை. அப்பத்தா உங்களிடம் கேட்டது கூட வா என்றுதான், சாட்சிக் கையெழுத்துப் போடு என்று இல்லை. ஆபரேஷன் ஆன உடம்போடு பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மலைப்படி ஏறுகிறவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேலும் அந்த ஊர் இந்த விஷயத்தில் கூச்சப்பட வேண்டிய ஊரும் இல்லை. மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், கிராமத்தை முன்னேற்ற உங்கள் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளைத் துணைக்கு அழைத்தவர். கிணற்றில் தண்ணீர் வரவும் தொழில் நடக்கவும் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஆனால் பூக்கட்டிப் பார்ப்பது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அன்றைக்குச் சிவப்பு வந்திருந்தால்? மூன்று அடைப்போடு அப்பத்தாவை மருந்தில் விட்டிருப்பீர்களா? விட்டிருப்பீர்கள் என்றால் அந்தச் சின்னப் பிள்ளையின் கையில் நீங்கள் கொடுத்தது பூப்பொட்டலம் இல்லை, அப்பத்தாவின் உயிர். கல்யாணத்துக்கு எந்த மாதம், வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று பூக்கேளுங்கள், எப்படி வந்தாலும் வாழ்ந்துகொள்ளலாம். டாக்டர் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொன்ன பிறகு கேட்காதீர்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது பூ வாங்கப் புறப்பட்டால் இதை அப்பச்சியிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

பேராசிரியரிடமும் மறுபடி போங்கள். சம்பந்தமில்லை என்று அவர் சொன்னால், பென்சன் எண்ணியது எதை என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்